கைக்கு ஒரு ஸ்டேஷன், ஸ்கேனுக்கு ஒரு ஸ்டேஷன்: பிரசவ வலியின்போது ஏஓபி சரியாக எடுப்பது எப்படி?

பார்டோகிராஃப் (கேள்வி)

லேபர் வார்டில் மெஷின் நிற்கிறது. ஆனால் பனிக்குட நீர் எவ்வளவு, தலை கீழேயா மேலேயா, இந்த இரண்டுக்குத்தான் அதைத் தொடுகிறோம். வலி நடக்கும்போதே தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கோணமாக அளக்கும் ஏஓபி (angle of progression) பற்றிக் கேட்கிறேன்.

இப்படி ஒரு நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரசவம், எபிடூரல் (முதுகு வழி வலி மருந்து) ஓடுகிறது, கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. கேபுட் (குழந்தையின் தலைத்தோல் வீக்கம்) நன்றாக ஊறி நிற்கிறது. ஒருவர் பி.வி. (யோனி வழியாகக் கைப் பரிசோதனை) பார்த்து ஸ்டேஷன் (இடுப்பெலும்பில் தலை இறங்கிய அளவு, கூடக்கூடக் கீழே) 0 என்கிறார், அடுத்தவர் +2 என்கிறார். சூச்சர் (மண்டை எலும்புகளின் இணைப்பு) யார் கைக்கும் பிடிபடவில்லை. பெரினியத்தில் (யோனிவாய்ப் பகுதியில்) ஸ்கேன் புரோப் வைத்து ஏஓபி எடுத்தால் முதலில் 108 டிகிரி. ஐந்து நிமிடம் கழித்து அதே ஆள் எடுத்தால் 124.

வயிற்றுக்கு வைக்கும் கான்வெக்ஸ் புரோப்பே போதுமா? எந்த வரிசையில் பார்ப்பது? இந்த 16 டிகிரி எங்கிருந்து முளைத்தது? எத்தனை டிகிரி இருந்தால் வேக்கம் (தலையில் கப் ஒட்டி இழுக்கும் கருவி) போடலாம்? கடைசியாக, இதற்கும் ஃபார்ம் எஃப் (கர்ப்ப ஸ்கேனுக்கான சட்டப் படிவம்) எழுத வேண்டுமா?

பிடரிமுன்

புரோப் போதும். 4 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைவான சாதாரண 2டி கான்வெக்ஸே இதற்குப் போதும். 3டி வேண்டாம், டாப்ளர் வேண்டாம்.

வரிசை முக்கியம். பெரும்பாலானோர் நேராகப் பெரினியத்துக்குப் போய்விடுகிறார்கள். முதலில் வயிற்றில் வையுங்கள். கருவி போடுவதற்கு முன் தெரிய வேண்டிய முதல் விஷயம் பிடரி எந்தப் பக்கம் என்பது. எத்தனை டிகிரி என்பது அதற்கு அப்புறம்.

சிறுநீர்ப்பை காலியாக இருக்கட்டும். எபிடூரல் போட்டவருக்கு நிரம்பியிருப்பதே தெரியாது, கதீட்டர் போட்டு எடுத்துவிடுங்கள். முதலில் புரோப்பைக் குறுக்காகத் தொப்புளுக்குக் கீழே வைத்து முதுகெலும்பைப் பிடியுங்கள். அப்படியே கீழே இறக்கி சிம்பஸிஸுக்கு (முன்பக்க இடுப்பெலும்புகளின் இணைப்பு) மேல் குறுக்காகவே நிறுத்துங்கள். இரண்டு கண்குழிகளும் மூக்குக் கண்ணாடி மாதிரி உங்களைப் பார்த்தால் பிடரி பின்னால். மூளையின் நடுக்கோடு திரையில் கிடைமட்டமாகக் கிடந்தால் பிடரி பக்கவாட்டில். பிடரியும் சிறுமூளையும் புரோப்பின் பக்கம் வந்தால் பிடரி முன்னால். முதுகு இருக்கும் பக்கமே பிடரியும் இருக்கும் என்று எழுதிவிட வேண்டாம். கழுத்து திரும்பியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. முதுகு ஒரு வழிகாட்டி மட்டுமே.

எழுதும்போது கடிகாரமாக எழுதுங்கள். 12 மணி சிம்பஸிஸ், 3 மணி தாயின் இடது. 2.30 முதல் 3.30 வரை இடப்பக்கம், 8.30 முதல் 9.30 வரை வலப்பக்கம், இவற்றுக்கு இடையே கீழ்ப்பாதி முழுதும் பின்னால், மேல்பாதி முழுதும் முன்னால். 'பிடரி 5 மணி' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்குக் குழப்பமே இருக்காது.

கையால் பார்ப்பதில் எவ்வளவு தவறு வரும் என்று கேட்பவர்களுக்கு: டப்ளினில் 514 பெண்களிடம் கருவிப் பிரசவத்துக்கு முன் நடந்த ஆய்வு, 2014இல் வெளியானது. கை மட்டும் வைத்துச் சொன்னதில் 20.2 சதவீதம் தவறு, ஸ்கேனும் சேர்த்தபோது 1.6 சதவீதம். அதுவும் கேபுட் ஊறிய தலை என்றால் சூச்சரைத் தேடுவது ஈரத்துணிக்கு அடியில் தையலைத் தேடுவது போலத்தான்.

அடுத்தது பெரினியம். மல்லாந்த நிலை, இடுப்பு 45 டிகிரி மடங்கி, முழங்கால் 90 டிகிரி. புரோப்பின் மேல் ஜெல், அதன் மேல் கையுறை, அதற்கு மேலும் ஜெல். கையுறைக்குள் காற்றுக் குமிழி நின்றால் திரையில் கறுப்புப் பட்டை விழும், நீவி வெளியேற்றுங்கள். லேபியாக்களுக்கு நடுவில், ஃபோர்ஷெட்டுக்கு (யோனிவாயின் பின்விளிம்பு) மேல், நெடுக்காக வையுங்கள். சிம்பஸிஸ் நீள்வட்டமாக, கொஞ்சம் மங்கலான வெண்மையில் திரையின் ஒரு மூலையில் வரும். அதைக் கிடையாகப் படுக்க வைக்க முயலுங்கள். அதன் நீள அச்சில் ஒரு கோடு. கீழ்நுனியிலிருந்து மண்டை ஓட்டின் வெளிவளைவைத் தொட்டும் தொடாமலும் போகும் இன்னொரு கோடு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் ஏஓபி.

சோனோதிரை

16 டிகிரிக்கு வருகிறேன். எண்ணை நம்பலாமா என்று யோசிக்கும் முன், படத்தை நம்பலாமா என்று பாருங்கள்.

முதல் சந்தேகம், நடுத்தளம் தவறியிருக்கிறது. புரோப் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் சிம்பஸிஸுக்குப் பதிலாகப் பியூபிக் எலும்பின் கிளை தெரியும். சிம்பஸிஸ் குருத்தெலும்பு, அதனால் ஒலி அதற்குள் நுழைந்து போகும். உள்ளே சாம்பல் நிறமும் சுற்றி மெல்லிய வெள்ளை உறையும் தெரியும். கிளை முழு எலும்பு. மேலே பளீரென்று ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே கரிய நிழல். நிழல் விழுகிறதென்றால் நீங்கள் நடுவில் இல்லை. அந்தப் படத்தில் எடுக்கும் கோணத்துக்கு அர்த்தம் இல்லை. புரோப்பின் அடியை மில்லிமீட்டர் கணக்கில் ஆட்டி நிழல் மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

இரண்டாவது, கோடு கேபுட்டைத் தொட்டிருக்கிறது. அந்த இடத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புரோப்புக்கு அருகே சாம்பல் நிறத்தில் ஒரு படலம், அதற்குப் பின்னால் பளிச்சென்று ஒரு வெள்ளை வளைவு. சாம்பல் கேபுட், வெள்ளை மண்டை. கோடு வெள்ளையைத் தொட வேண்டும். கை +2 என்று சொன்னதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். விரலுக்குக் கிடைத்தது வீக்கம், எலும்பு அதற்கும் மேலே நிற்கிறது. மோல்டிங் அதிகம் என்றால் வெள்ளை வளைவு ஓர் இடத்தில் உடைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். தொடுகோடு கீழே இறங்கியிருக்கும் எலும்புக்கு.

மூன்றாவது, நேரம். ஒன்று வலி இல்லாதபோது எடுத்தது, மற்றது வலியிலோ முக்கும்போதோ எடுத்தது. இரண்டையும் ஒப்பிடக் கூடாது. அடிப்படை அளவு எப்போதும் இரண்டு வலிக்கு நடுவில். முக்கும்போது எடுத்தால் அப்படியே எழுதிவையுங்கள். முக்கும்போது கோணம் கூட வேண்டும், சிலருக்குக் குறையும். குறைந்தால், இடுப்புத் தளத்தின் லிவேட்டர் தசையைத் தளர்த்தாமல் இறுக்கிக்கொண்டு முக்குகிறார் என்று அர்த்தம். இது தெரிந்தால் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டி முக்கும் விதத்தைத் திருத்தலாம். மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

16 டிகிரி எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கு: 116 டிகிரி என்பது ஸ்டேஷன் 0. ஒரு ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய 10 முதல் 11 டிகிரி. 106 என்றால் −1, 95 என்றால் −2, 127 என்றால் +1, 138 என்றால் +2, 148 என்றால் +3. உங்கள் 108க்கும் 124க்கும் நடுவில் ஒன்றரை ஸ்டேஷன். ஐந்து நிமிடத்தில் அவ்வளவு இறங்கியிருந்தால் நீங்கள் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

மூன்று தடவை எடுங்கள். ஒவ்வொரு தடவையும் புரோப்பை எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். உறைந்த ஒரே படத்தில் மூன்று முறை கோடு போடுவது மூன்று அளவு ஆகாது.

பார்டோகிராஃப்

நன்றி சார். நிழல் விஷயம் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு நேராகப் போட்டு நான் பார்க்கவில்லை. இன்னொன்று: சில இடங்களில் ஏஓபியை விட்டுவிட்டு எச்பிடி மட்டும் எடுக்கிறார்கள், அது சுலபம் என்கிறார்கள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வார்டுசிஸ்டர்

எச்பிடி சுலபம்தான், கோணம் போடும் வேலை இல்லை. தலைக்கும் பெரினியத்துக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர், அவ்வளவுதான்.

புரோப்பைக் குறுக்காகப் பிடித்து ஃபோர்ஷெட்டில் வைத்து உள்நோக்கி அழுத்தணும். எவ்வளவு என்றால், மேற்கொண்டு அழுத்தினாலும் புரோப் உள்ளே போகாத அளவு. நடுவில் இருக்கும் சதை முழுதும் பியூபிக் எலும்போடு ஒட்டிவிட்டது என்று அர்த்தம். மெதுவாக அழுத்தினால் பருமனான அம்மாவுக்குத் தூரத்தைக் கூடுதலாகக் காட்டும், தலை மேலே இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவோம். அழுத்தும் முன் சொல்லிவிட்டு அழுத்துங்கள். எபிடூரல் இல்லாதவருக்கு வலிக்கும், வலிக்கிறது என்றால் நிறுத்துங்கள். புரோப்பை மேலும் கீழுமாகச் சாய்த்து மண்டையின் வெள்ளைக் கோடு மிகத் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஒலி செங்குத்தாகப் படும் இடம் அதுதான். மண்டை எலும்பின் வெளி விளிம்பிலிருந்து புரோப் முகம் வரை இருக்கும் மிகக் குறுகிய தூரத்தை எடுங்கள்.

சுமார் 36 மில்லிமீட்டர் ஸ்டேஷன் 0க்குச் சமம். அதற்காக ஒவ்வொரு மில்லிமீட்டரையும் ஸ்டேஷனாக மாற்றக் கூடாது. பிறப்புப் பாதை வளைவு, எச்பிடி நேர்க்கோடு. தலை மேலே இருக்கும்போது இரண்டும் ஒத்துவராது.

டாக்டர்கள் மறந்துவிடும் ஒன்று: புரோப் துடைப்பது. ரத்தமும் நீரும் கையுறையைத் தாண்டி வயர் வரைக்கும் போயிருக்கும். கையுறையை உள்வெளியாகத் திருப்பிக் கழற்றி, ஜெல்லை முழுதும் துடைத்துவிட்டு, மெஷின் கம்பெனி அனுமதித்த கிருமிநாசினியால் துடைக்கணும். ஸ்பிரிட்டை ஊற்றினால் பல புரோப்களின் ரப்பர் முகம் வெடித்துப்போகும். கையுறை மாட்டும் முன் லேடெக்ஸ் அலர்ஜி கேளுங்கள்.

பிடரிமுன்

சிஸ்டர் சொன்னதோடு எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 'வேக்கம் எப்போது' என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

முதல் கட்டம் (கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும் வரை) இழுத்துக்கொண்டே போகும் முதல் பிரசவங்களில் நார்வேக்காரர்கள் 110 பேரைப் பார்த்தார்கள். எச்பிடி 40 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தவர்களில் 7 சதவீதம் சிசேரியன். 50க்கு மேல் இருந்தவர்களில் 82 சதவீதம். ஏஓபி 110 டிகிரியும் அதற்கு மேலும் என்றால் 12 சதவீதம், 100க்குக் கீழே 62 சதவீதம். நடுவில் இருக்கும் 40 முதல் 50 மில்லிமீட்டர் சாம்பல் பிரதேசம். அங்கே ஆக்ஸிடோசினும் (வலியைக் கூட்டும் மருந்து) பொறுமையும்தான்.

இரண்டாம் கட்டத்தில் (முழுதாகத் திறந்த பிறகு பிரசவம் வரை) எல்லோரும் சொல்லும் 120 டிகிரி 2009இல் வந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து வந்தது. பிடரி முன்னால் இருந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும் எண் அது. அதற்கு மேல் இருந்தால் சுலபமான வேக்கம் அல்லது தானாகவே பிரசவம் ஆக ஏறக்குறைய 90 சதவீத வாய்ப்பு. பிடரி பின்னால் இருக்கும் தலைக்கு அதே 120ஐப் போட்டுப் பார்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

2017இல் ஐரோப்பாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இரண்டாம் கட்டம் நீண்டு வேக்கம் போட்ட 222 முதல் பிரசவங்கள். எச்பிடி 35 மில்லிமீட்டருக்குள் என்றால் வேக்கம் தோற்று சிசேரியனுக்குப் போனது 3.9 சதவீதம், 35க்கு மேல் என்றால் 22 சதவீதம். 35க்கு மேலும் இருந்து, பிடரியும் முன்னால் இல்லை என்றால் 17 பேரில் 6 பேர். மூன்றில் ஒன்றுக்கு மேல். இந்த இரண்டும் சேர்ந்து வரும்போது வேக்கம் கப்பை லேபர் வார்டில் மாட்டாதீர்கள். தியேட்டருக்குக் கொண்டுபோய், மயக்க மருத்துவர் பக்கத்தில் நிற்க, மூன்று இழுப்பில் இறங்காவிட்டால் வெட்டத் தயாராக இருந்து போடுங்கள்.

தலையின் திசையையும் ஒரு பார்வை பாருங்கள். அதே நெடுக்குப் படத்தில், தலையின் நீள அச்சு கீழ்நோக்கியா, கிடையாகவா, மேல்நோக்கியா? சிம்பஸிஸின் நீள அச்சோடு 30 டிகிரிக்கு மேல் மேல்நோக்கி இருந்தால் தலை வளைவைத் திரும்பிவிட்டது. இழுக்கும் திசையும் அதுவே.

கைநாடி

எல்லாம் சரி. ஆனால் புதுசாகக் கற்றுக்கொண்டவர்கள் வரும் ஒவ்வொருவருக்கும் புரோப் வைக்கத் தொடங்குவார்களே, அதற்கு ஒரு கடிவாளம் வேண்டும்.

பிரான்சில் 1903 பெண்கள், எபிடூரலோடு, 8 செ.மீ. அல்லது அதற்கு மேல் திறந்த நிலை. பாதிப் பேருக்குப் பிடரி நிலையை ஸ்கேனிலும் பார்த்தார்கள். 2015இல் வெளியானது. கருவியும் சிசேரியனும் சேர்த்து ஸ்கேன் பார்த்த குழுவில் 33.7 சதவீதம், பார்க்காத குழுவில் 27.1 சதவீதம். சிசேரியன் மட்டும் 7.8, 4.9. பிடரி பின்னால் என்று தெரிந்ததுமே கை சும்மா இருக்கவில்லை. வலி ஒழுங்காக முன்னேறும்போது பின்னால் இருக்கும் பிடரிகளில் பெரும்பாலானவை தானாகவே முன்னால் திரும்பிவிடும். முன்கூட்டிப் பார்த்ததால் அவற்றையும் ஒரு பிரச்சினையாக்கினார்கள்.

அந்த டப்ளின் ஆய்வையும் முழுதாகச் சொல்ல வேண்டும். பிடரியைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள், ஆனால் தாய்க்கோ குழந்தைக்கோ ஏற்படும் பாதிப்பு குறையவில்லை.

அதனால்தான் ஐஎஸ்யுஓஜி (மகப்பேறு அல்ட்ராசவுண்டுக்கான சர்வதேச சங்கம்) 2018இல் கொடுத்த வழிகாட்டுதல் யாருக்குப் பார்ப்பது என்று வரையறுத்தது: முதல் கட்டம் தாமதமானவர், இரண்டாம் கட்டம் நின்றுபோனவர், கருவி போடப்போகும் நிலை, நெற்றியோ முகமோ முன்வந்திருக்கிறது என்ற சந்தேகம். ஒழுங்காக நடக்கும் வலிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு பி.வி. போதும்.

பி.வி.யை விடவும் முடியாது. கர்ப்பப்பை வாய் எத்தனை செ.மீ. என்று ஸ்கேனில் பார்ப்பது கடைசிக் கட்டத்தில் நம்பகமாக வராது. நீரில் மெக்கோனியம் (குழந்தையின் முதல் மலம்) இருக்கிறதா, தலை வலியோடு கீழே வந்து அழுத்துகிறதா, இதெல்லாம் கைக்கும் கண்ணுக்கும்தான் தெரியும்.

பதிவேடு

ஃபார்ம் எஃப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எழுத வேண்டும். 'இரண்டு நிமிட ஸ்கேன்தானே, பெரினியத்தில்தானே வைத்தோம், பாலினம் தெரியாதே' என்ற வாதம் எதுவும் செல்லாது. கர்ப்பிணிக்கு எந்த ஸ்கேன் செய்தாலும், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டம் பொருந்தும்.

படிவத்தில் காரணங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் சிசுவின் நிலையையும் கிடப்பையும் மதிப்பிடுவது ஒன்று, பிரசவ நேர நிகழ்வுகளைக் கவனிப்பது இன்னொன்று. இந்த இரண்டில் பொருந்துவதைக் குறியுங்கள். பட்டியலுக்கு வெளியே சொந்தமாகக் காரணம் எழுத வேண்டாம்.

நடைமுறையில் சிக்கல் கையெழுத்தில்தான். 'பாலினம் அறிய விரும்பவில்லை' என்ற கர்ப்பிணியின் உறுதிமொழி வேண்டும். முழுதாகத் திறந்து முக்கிக்கொண்டிருப்பவரிடம் பேனாவை நீட்டுவது அழகில்லை. அட்மிஷன் பேப்பரோடு சேர்த்து, அவர் நிதானமாக இருக்கும்போதே விளக்கி வாங்கிவிடுங்கள். ஸ்கேன் செய்யாமல் பிரசவம் ஆகிவிட்டால் அந்தப் படிவத்தை ரத்து என்று எழுதிக் கோப்பிலேயே வையுங்கள், கிழிக்காதீர்கள். செய்யும் மருத்துவரின் உறுதிமொழி ஸ்கேன் முடிந்த கையோடு.

மெஷினும் செய்பவரின் பெயரும் பதிவுச் சான்றிதழில் இருக்க வேண்டும். ரேடியாலஜி அறைக்குப் பதிவான மெஷினை லேபர் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும் முன், பதிவு எந்த இடத்துக்கு என்று படித்துப் பாருங்கள். மாதக் கணக்கு அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் மாவட்ட அதிகாரிக்குப் போய்விட வேண்டும், பதிவேடு இரண்டு ஆண்டு பத்திரமாக இருக்க வேண்டும். படிவத்தில் விடுபட்ட கட்டத்தை வெறும் எழுத்தர் பிழை என்று தள்ளிவிட முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பார்டோகிராஃப்

கேஸ் ஷீட்டில் எப்படி எழுதினால் அடுத்து வருபவருக்குப் புரியும்? 'ஏஓபி 120' என்று மட்டும் எழுதிவைத்ததைத்தான் பார்க்கிறேன்.

சோனோதிரை

அந்த 120 யாருக்கும் உதவாது. வலி இல்லாதபோது எடுத்ததா, முக்கும்போதா? பிடரி எங்கே? இப்படி ஒரே வரியில் எழுதுங்கள்:

'மாலை 4.10. வயிற்று ஸ்கேன்: பிடரி 10 மணி, முன்னால். பெரினியம்: வலி இல்லாதபோது ஏஓபி 112, 114, 112; முக்கும்போது 121. எச்பிடி 41. கேபுட் உண்டு, அளவு எலும்பிலிருந்து எடுத்தது. தலை கிடையாக.'

இரண்டாவது வரி அரை மணி நேரம் கழித்து, முடிந்தால் அதே ஆள் அதே மெஷினில். 4.10க்கு 112, 4.40க்கு 123 என்றால் தலை நகர்கிறது, கையை எடுத்துவிட்டு முக்க விடலாம். 4.40க்கும் 113, முக்கினாலும் 115 என்றால் தியேட்டருக்குச் சொல்லி அனுப்பும் நேரம். உங்கள் 108-124 படங்கள் மெஷினில் இன்னும் இருந்தால் முதலில் சிம்பஸிஸுக்குக் கீழே நிழல் விழுந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.